இருபது வருசத்து மருந்து

அழகுமுத்துவின் கைக்கு என்ன வந்தது என்று தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வாதம் என்றார் ஒருவர். சுளுக்கு என்றார் இன்னொருவர். மாரியம்மனுக்கு நேர்ந்த சேவல் இன்னும் பாக்கி என்று ஞாபகப்படுத்தவே ஒருத்தி வீடு தேடி வந்தாள். நாகலெட்சுமி யார் பேச்சையும் தட்டவில்லை. எண்ணெய் காய்ச்சி நீவினாள், வைத்தியரிடம் கூட்டிப்போய்ப் பத்துப் போட்டாள், சேவலையும் கொடுத்தாள். புருசனின் கை அது பாட்டுக்கு மெலிந்துகொண்டே போனது. கட்டைவிரலுக்குப் பக்கத்துச் சதை வற்றிக் குழி விழுந்தது. தோலுக்கு அடியில் சதை தானாகத் துடித்தது, உள்ளே புழு நெளிகிற மாதிரி. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை என்று முதலில் சிரித்த மனிதர், ஆறு மாதத்தில் சோறு பிசைய முடியாமல் போனார். அதற்கடுத்த ஆறு மாதத்தில் கால் விழுந்தது. அப்புறம் நாக்கு குழறியது.

வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "மரத்துப் போச்சா?" அதுதான் இல்லை. கொசு கடித்தால் அவருக்குத் தெரியும், எந்த இடத்தில் கடிக்கிறது என்று சொல்லவும் தெரியும். அடிக்கத்தான் கை எழும்பாது.

அழகுமுத்து மருந்தடிக்கிற ஆள். இருபது வருசமாக மூன்றாம் நம்பர் டாங்கி அவருடையது. காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கூப்பிட்டு வேலை பிரித்ததும், கொழுந்துக்காரப் பெண்கள் கூடையோடு மலை ஏறுவார்கள். மருந்துக்காரர்கள் ஐந்து பேர் ஸ்டோருக்குப் போய், கொடுத்ததைத் தண்ணீரில் கலக்கி, டாங்கியை முதுகில் மாட்டுவார்கள். இடது கை பம்புக் கட்டையை மேலும் கீழும் இழுக்கும், வலது கை குழாயைப் பிடிக்கும். தேயிலைக்கு நடுவே முளைக்கிற புல்லெல்லாம் நாலு நாளில் கருகும். பகல் பன்னிரண்டுக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால் அந்த வேலைக்குப் போட்டியே இருந்தது. கையுறை கொடுத்தார்கள், இல்லையென்று சொல்லக் கூடாது. மழையில் வழுக்குகிறது என்று போடாமல் விட்டது இவர்கள்தான். டாங்கி மூடி கசிந்து முதுகு நனைந்தால் வேட்டித் துண்டை மடித்து வைத்துக்கொள்வார்கள். காலியான கேனை மூன்று தடவை கழுவினால் தண்ணீர் பிடிக்கலாம். நாகலெட்சுமியின் அடுப்படியில் அப்படி இரண்டு நீலக் கேன் வெகுகாலம் இருந்தது.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, கீழே டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மணி நேரம் பஸ். அங்கே இருந்த லேடி டொக்டர் சிங்களத்தில் பேசினார். அதைத் தமிழில் சொல்ல ரோகினி என்று ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்தாள். டொக்டர் கேட்பதை ரோகினி நாகலெட்சுமிக்குச் சொல்வாள், நாகலெட்சுமி புருசனைக் கேட்பாள். அவர் குழறுவதை உலகத்தில் நாகலெட்சுமி ஒருத்திக்குத்தான் விளங்கும். அவள் ரோகினிக்குச் சொல்வாள், ரோகினி டொக்டருக்குச் சொல்வாள். ஒரு தும்மல் வந்தால்கூட நாலு பேர் வாய் மாறித்தான் போக வேண்டும்.

டொக்டர் நோய்க்கு ஒரு பெயர் சொன்னார். அதில் மோட்டார் என்ற முதல் சொல் மட்டும்தான் நாகலெட்சுமியின் காதில் நின்றது. மூளையிலிருந்து சதைக்கு வேலை சொல்கிற நரம்பு ஒவ்வொன்றாகச் செத்துப்போகுமாம். மாற்ற மருந்தில்லையாம். உணர்ச்சி போகாது, கண் அசையும், புத்தி கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று ரோகினி மெதுவாகச் சொன்னாள். அது ஆறுதலா இல்லையா என்று நாகலெட்சுமிக்குப் பிடிபடவில்லை. அழுகை வரும் என்று காத்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. மேலே சுற்றிய மின்விசிறியில் ஒரு தட்டு வளைந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு மரத்துப் போனது அவள்தான். லயத்தில் பிறகு அவளைக் கல்லு நெஞ்சுக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அதற்குப் பிறகு ரோகினி ஒரு தாளை எடுத்துவைத்துக் கேள்வி கேட்டாள். பின்னால் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"அம்மா, இவர் எப்பவாவது நஞ்சு ஏதும் பாவிச்சவரோ? நஞ்சோட தொடர்பு?"

நாகலெட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டத்தில் நஞ்சு என்றால் ஒன்றுதான். வீட்டில் சண்டை போட்டுவிட்டு, கலியாணம் குழம்பி, கண்டதை எடுத்துக் குடித்துவிட்டு வாயில் நுரை தள்ளக் கிடப்பார்களே, அதற்குத்தான் நஞ்சு என்று பேர். பொலிஸ் வரும், பத்துத் தோட்டம் பேசும்.

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க மிஸ்! எங்க குடும்பத்துல ஒருத்தர்கூட அந்த மாதிரி கெடையாது. இவரு தங்கமான மனுசன்."

"சரி, இல்லை," என்று ரோகினி எழுதினாள். "மருந்து ஏதும் எடுக்கிறவரோ?"

"ஆமாங்க மிஸ். இருபது வருசமா."

"இருபது வருசமோ! எங்க எடுக்கிறவர்?"

"தோட்டத்துலதாங்க. காலையில ஸ்டோர்ல போயி எடுப்பாரு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"மழை நாள்ல எடுக்க மாட்டாங்க."

ரோகினி பேனையை நிறுத்தினாள். மழை நாளில் எடுக்காத மருந்து எது என்று யோசித்திருப்பாள் போல. பின்னால் நின்ற ஒருவர் இருமினார். "பேர் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"பேரு தெரியாதுங்க. பச்சைக் கலர்ல ஒண்ணு, ஊதாக் கலர்ல ஒண்ணு."

அதையும் எழுதிக்கொண்டாள். பாவம், அவள்மேல் என்ன பிழை? ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவளுக்கு மருந்தென்றால் மருந்துதான்.

நாகலெட்சுமி கொழுந்து வேலையை விட்டாள். ஆளைத் தூக்க, கழுவ, கஞ்சியைத் தொண்டையில் சிக்காமல் கொடுக்க அவளை விட்டால் யார்? ஆனால் வீட்டில் ஒருத்தராவது தோட்டத்து வேலையில் இல்லாவிட்டால் லயத்துக் காம்பராவை, அந்த ஒற்றை அறை வீட்டை, திருப்பிக் கேட்பார்கள். கொழும்பில் கடையில் நின்ற மகன் விஜிதரன் வந்து சேர்ந்தான். இருபத்தினாலு வயது, தோள் இரண்டும் அப்பனைப் போலவே. ஆபிஸில் யோசிக்கவே இல்லை. அப்பன் டாங்கி மகனுக்கு என்பது அங்கே வழக்கம். மூன்றாம் நம்பரின் தோல் வார் அழகுமுத்துவின் தோளுக்குப் பழகியிருந்தது, மகனுக்கும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நாகலெட்சுமிக்கு அன்றைக்குப் பெருமைகூட இருந்தது என்றால் நம்ப வேண்டும்.

இரண்டாம் முறை கிளினிக் போனபோது பக்கத்து வாங்குப் பலகையில் கந்தப்பன் என்று ஒருவர் இருந்தார். கொத்மலைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்தவராம். அவருக்கும் அதே நோய், கை மட்டும்தான் இதுவரை. அழகுமுத்துவைக் காலிலிருந்து தலைவரை பார்த்துவிட்டு, தான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்துகொண்டவர் மாதிரி முகத்தைத் திருப்பினார். பிறகு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"மருந்தடிச்சாராம்மா?"

"இருபது வருசங்க."

"நானும் கோவாப் பாத்திக்கும் கிழங்குப் பாத்திக்கும் அடிச்சவன்தான். அதுனால இருக்கலாம்னு சொல்றாங்க. நிச்சயமில்லையாம். ஆனா இருக்கலாமாம். இப்ப வீட்டுல வேற யாரும் அடிக்கிறாங்களா?"

மகனின் தோளில் உட்கார்ந்த வார் நாகலெட்சுமியின் கண் முன்னால் வந்தது. மாதக்கணக்கில் ஒன்றும் தோன்றாமல் கிடந்த மனசில் அது ஒன்றுதான் தோன்றியது. "மகன்," என்றாள்.

கந்தப்பன் மெலிந்த தன் கையை மடியில் மறைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னாள். அவன் துவாயால் தலையைத் துடைத்துக்கொண்டே, "வேணாம்னு சொன்னா விட்டுருவாங்களாம்மா? டொக்டர் துண்டு கேப்பாங்க," என்றான். அவன் சொன்னதில் பிழை இல்லை. தோட்டத்தில் காய்ச்சலுக்கும் துண்டு வேண்டும், சாவுக்கும் துண்டு வேண்டும். அடுத்த கிளினிக்கில் ரோகினியைக் கெஞ்சி, அழகுமுத்துவின் கிளினிக் கொப்பியில் எழுதியிருந்ததை ஒரு கடிதமாக வாங்கிக்கொண்டு நேரே ஆபிஸுக்குப் போனாள்.

தோட்ட மனேஜரான தொரைக்கு அடுத்த ஆள் பெரிய கிளாக்கர் துரைராசா, யாழ்ப்பாணத்து மனிதர். முப்பது வருசம் மலையில் இருந்தும் பேச்சு மாறாதவர், கெட்டவரும் இல்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று வாசித்தார். அவர் புருவம் ஏறியது.

"இதில உனக்குச் சாதகமா ஒண்டுமில்லையே, நாகலெட்சுமி. கேள்: நச்சுப் பொருள்களோட தொடர்பு, இல்லை. மனைவி உறுதியாகச் சொல்கிறார். அடுத்தது, நோயாளி இருபது வருடமாகத் தோட்ட மருந்தகத்தில் மருந்து எடுத்து வருகிறார், பெயர் தெரியாது." கண்ணாடிக்கு மேலால் அவளைப் பார்த்தார். "உன்ர வாயால சொன்னதுதானே? இதை வச்சு நான் தொரையிட்ட என்னெண்டு கதைக்கிறது?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது, கைதான் எழும்பவில்லை. அவர்கள் நஞ்சு என்று கேட்டது இதைத்தானா? கேனில் மண்டையோடு போட்டிருந்ததே! இருபது வருசம் கழுவிக் கழுவித் தண்ணீர் பிடித்த கேனில் அந்தப் படத்தின் பல்லுக்கூட அழியாமல் இருந்ததே. படம் நஞ்சென்று சொன்னது. வாய் மருந்தென்று சொன்னது. அவள் வாயைத்தான் நம்பியிருக்கிறாள். தகப்பன் சொன்னதும் மருந்து, கங்காணி சொன்னதும் மருந்து, தொரை சொன்னதும் மருந்து. பின்னே அவள் எதைச் சொல்வாள்?

அடுத்த தவணைவரை பொறுக்கவில்லை. பக்கத்துக் காம்பரா ஷாமிலாவிடம் புருசனை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் தனியாகப் போனாள். ஷாமிலா கைக்குழந்தைக்காரி. ஆனாலும் முகம் சுளிக்காமல் தினம் ஒரு கை பிடித்து அழகுமுத்துவைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள் அவள்தான். அவளும் அவள் புருசன் நிரோஷனும் இல்லாவிட்டால் அந்த வீடு நாறியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ரோகினி லீவு. நாகலெட்சுமி டொக்டரின் அறைக்கதவு இடுக்கில் காலை நுழைத்துவிட்டாள். கடைத்தெருச் சிங்களம்தான் அவளிடம் இருந்தது. "நோனா, மகே மினிஹா பெஹெத் கஹனவா! அவுருது விஸ்ஸக்!" என்றாள். என் புருசன் மருந்தடிக்கிறவர், இருபது வருசம். சொல் போதவில்லை என்று பட்டது. முதுகில் ஒன்றை மாட்டுகிற மாதிரி குனிந்து, இடது கையை மேலும் கீழும் இழுத்து, வலது கையால் அந்த அறை முழுக்க அடித்துக் காட்டினாள்.

டொக்டர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். சிங்களத்திலும் அதற்குப் பேர் மருந்துதான். ஆனால் அந்தக் கையைப் பார்த்த பிறகு யாருக்கும் சந்தேகம் வராது. தமிழ் தெரிந்த நர்ஸ் ஒருவரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். முதுகு நனைந்தது, கேன், துணி தோய்த்தது, எல்லாம். கேட்டு முடித்து அவர் சொன்னதை நர்ஸ் இப்படிச் சொன்னார்: "மருந்தடிக்கிறவங்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கூடுதலா வருதுன்னு சில ஆராய்ச்சியில இருக்கு. நிறையப் பேருக்கு வராது. மருந்தையே தொடாதவங்களுக்கும் வருது. இவருக்கு அதனாலதான்னு யாராலும் சத்தியம் பண்ண முடியாதாம். ஆனா மகனுக்கு வேற வேலை குடுக்கிறது நல்லதுன்னு எழுதித் தாறாங்க."

புதுத் துண்டைத் தொரை ஒரு வாரம் வைத்திருந்தார். முடிவைத் துரைராசாதான் ஜன்னலில் சொன்னார்.

"இருக்கலாம் எண்டால் இல்லாமலும் இருக்கலாம்தானே எண்டு தொரை கேக்கிறார். ஆனாலும் நான் கதைச்சனான். மூண்டாம் நம்பர் டாங்கி சும்மா கிடக்கேலாது. வேற ஆள் விரும்பித் தூக்கினால் உன்ர மகனைக் கவ்வாத்து வெட்ட விடலாமாம். அந்த ஆள் விட்டுப்போட்டால் திரும்பவும் உன்ர மகன்தான். விளங்கிச்சோ?"

விளங்கியது. ஆள் கிடைக்கவும் இரண்டு நாள் ஆகவில்லை. விஜிதரன் முற்றிய தேயிலையை வெட்டிக் கழிக்கிற கவ்வாத்துக் கத்தியைத் தீட்டி எடுத்துக்கொண்டு மேல் மலைக்குப் போனான். அன்றைக்கு இரவுதான் நாகலெட்சுமி ஒரு வருசத்துக்குப் பிறகு அசந்து தூங்கினாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஷாமிலா சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். இடுப்பில் குழந்தை.

"அக்கா, சொல்ல மறந்துட்டேன் பாருங்க. டாங்கி வேலை இவருக்குத்தான் கெடைச்சிருக்கு! பன்னெண்டு மணிக்கே வந்துட்டாருக்கா. இனிமே புள்ளைய அவரு பார்த்துக்குவாரு, நானும் பேர் போட்டு வேலைக்குப் போகலாம். ஆனா அந்த மருந்து வாசம் இருக்கே, அப்பப்பா! ஒங்களுக்குத்தான தெரியும், எந்த சவுக்காரம் போட்டா போகும்?"

நாகலெட்சுமி கஞ்சிக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். டாங்கிக்கு வந்த ஆள் யார் என்று அவள் கேட்டிருக்கவே இல்லை. மறந்துபோய்க் கேட்காமல் இருக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் போதும், நிரோஷன் நாளைக்கே டாங்கியை இறக்கிவிடுவான். இறக்கினால் வார் யார் தோளுக்கு வரும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கட்டிலில் கிடந்த அழகுமுத்து சத்தம் போட்டார். தொண்டையிலிருந்து காற்றும் எச்சிலுமாக ஒன்று வந்தது. மறுபடியும் அதையே சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. கண் இரண்டும் ஷாமிலாவையே பார்த்தன.

"அண்ணன் என்னமோ சொல்றாரே," என்றாள் ஷாமிலா. "என்னக்கா சொல்றாரு?"

நாகலெட்சுமிக்கு அது தெளிவாகவே கேட்டது. அவர் நஞ்சு என்றார்.

"தண்ணி கேக்கறாரு," என்றாள்.

கிளாஸில் தண்ணீர் மொண்டு, தலையைத் தூக்கி, உதட்டில் வைத்தாள். அவர் விழுங்கவில்லை. கன்னம் வழியாக வழிந்து தலையணை நனைந்தது. அவர் உடம்பில் இன்னும் சொன்ன சொல் கேட்பது கண் ஒன்றுதான். அதை மூடிக்கொண்டார். "சன்லைட்டு போட்டு ஊற வை, போயிரும்," என்று நாகலெட்சுமி ஷாமிலாவிடம் சொன்னாள். அதைச் சொன்னபோதும் அவளுக்குள் ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறித் தட்டைப் பார்த்த மாதிரி நனைந்த தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அன்று முழுவதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை. கஞ்சியும் இறங்கவில்லை.

சாயங்காலம் விஜிதரன் வந்தான். உள்ளங்கையில் கத்திப் பிடி கொப்புளம். "கவ்வாத்து இடுப்ப ஒடிக்குதும்மா. ஆனா சோத்துல மருந்து வாசம் வரல," என்று சிரித்தான். அவள் அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் சதை திரட்சியாக இருந்தது. அழுத்திப் பார்த்தாள். "வலிக்குதும்மா, விடு," என்றான்.

மறுநாள் காலையில் குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். தண்ணீர் விழுகிற கல்லில் ஷாமிலா குந்தியிருந்தாள். பிளாஸ்டிக் பேசினுக்குள் நிரோஷனின் காற்சட்டை, அதோடு குழந்தையின் சின்னச் சட்டை இரண்டு. வெறுங்கையால் கசக்கிக்கொண்டிருந்தாள். நுரை ஊதா நிறமாக இருந்தது. பக்கத்தில், கழுவிக் கவிழ்த்த நீலக் கேன் ஒன்று.

"வாங்கக்கா. சவுக்காரம் ரெண்டு தடவை போட்டுட்டேன், போவேனாங்குது," என்று நெற்றியில் விழுந்த மயிரை ஈரக் கையாலேயே ஒதுக்கினாள். அண்ணனைக் குளிப்பாட்ட இதோ வந்துவிடுகிறேன் என்றாள்.

நாகலெட்சுமி குடத்தைக் கீழே வைத்தாள். மேல் மலையிலிருந்து கவ்வாத்துக்காரர்களின் சத்தம் கேட்டது. அதில் மகனின் குரல் எது என்று காது தானாகத் தேடியது. ஒரு வருசமாக எங்கேயோ போயிருந்த அழுகை வந்தது. குனிந்து ஷாமிலாவின் இரண்டு கையையும் பேசினிலிருந்து பிடித்து இழுத்தாள்.

"என்னக்கா? என்னாச்சு?"

"நேத்து அவரு தண்ணி கேக்கலடி," என்றாள் நாகலெட்சுமி.